பத்தாம் சுற்றின் மணி

அந்தக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த மாணவன், முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியும் இன்னும் ஓடி முடிக்கவில்லை. ஓட்டம் தொடங்கியபோது அவனுக்குப் பதினேழு வயது. இப்போது நாற்பத்தெட்டு. மைதானத்தின் வெளிவட்டத்தில், இடதுபக்கமாக வளைந்து வளைந்து, காலை ஜெபத்தின்போதும் தேர்வு நேரத்திலும் விடுமுறையிலும் மழையிலும் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்காகப் பள்ளி ஏழாவதாக ஒரு தடம் போட்டுக் கொடுத்தது. அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டியபோது அதன் ஒரு சுவரை அவன் தடத்துக்கு ஏற்ப வளைத்துக் கட்டினார்கள். அவன் கால் பட்டுப் பட்டு அந்தத் தடம் ஆண்டுக்கு நான்கு விரற்கடை ஆழம் இறங்கும். ஆண்டு விடுமுறையில் இரண்டு வண்டி மணல் கொட்டி நிரப்புவார்கள். அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக வெளியில் சிலர் பேசுவதுண்டு. அது பொய். பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். நடந்தது அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட ஓட்டங்களில் ஓடும் ஒவ்வொரு மாணவனுக்கும் சுற்றுகளை எண்ண ஒரு பெரியவரைத் தனியாக உட்கார வைப்பார்கள். சம்பளம் கிடையாது. பழைய மாணவர்களும் பெற்றோரும் தாமாக வந்து செய்யும் தொண்டு அது. எண்ணுகிறவர் முடிவுக்கோட்டின் ஓரமாக நாற்காலியில் அமர்ந்து, மடியில் நோட்டும் முழங்காலில் கைமணியுமாகக் காத்திருப்பார். தன் ஓட்டக்காரனுக்குக் கடைசிச் சுற்று மட்டும் மீதி இருக்கும்போது அந்த மணியை அடிப்பார். மணி கேட்ட பிறகு ஒரு சுற்று ஓடி நிற்க வேண்டும். மணி கேட்காமல் நிற்பவன் ஓட்டத்தை விட்டுவிட்டதாகக் கணக்கு. முதல் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். எண்ணுகிறவர்களில் எல்லாரும் மதித்த ஒருவர் உண்டென்றால் அது அந்த மாணவனின் தகப்பனார். கடைகளின் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அரசு அதிகாரி. முத்திரைக்காரர் என்றே எல்லாரும் அழைப்பார்கள். சொந்த மைத்துனரின் மளிகைக்கடைத் தராசைப் பறிமுதல் செய்தவர் அவர். "அத்தான், நாலு கிராம்தானே, போனாப் போகுது" என்று மைத்துனர் கெஞ்சினார். "நாலு கிராம்னா நாலு கிராம்" என்றார் இவர். மைத்துனர் ஒன்பது ஆண்டுகள் வீட்டுப் படி ஏறவில்லை. அந்த ஒன்பது ஆண்டும் முத்திரைக்காரர் வருத்தப்பட்டதாக யாரும் பார்க்கவில்லை.

தகப்பன் தன் பிள்ளைக்கு எண்ணக் கூடாது என்பதும் வழக்கம்தான். அன்று எண்ண வரவேண்டிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தலைமையாசிரியரான பாதிரியார் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "நீங்க எண்ணினா யாரும் வாய் திறக்க மாட்டாங்க" என்று முத்திரைக்காரரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். மைதானம் ஒரு சுற்று முந்நூறு மீட்டர். ஆகப் பத்துச் சுற்று. ஐந்து பேர் ஓடினார்கள். ஐந்தாவது சுற்றிலேயே மகன் தனியாக முன்னே போய்விட்டான். ஒன்பதாவது சுற்றை முடிக்க அவன் வந்தபோது இரண்டாவது பையன் அரைச் சுற்று பின்தங்கி எதிர்ப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான். முத்திரைக்காரர் நோட்டில் ஒன்பதாவது கோட்டைப் போட்டுவிட்டு மணியைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் பின்னால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்பா எண்ணுறாரு, புள்ள ஓடுறான். அரைச் சுத்து என்ன, ஒரு சுத்துகூட முன்னாடி வருவான்." நாலைந்து பேர் சிரித்தார்கள். சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சொன்னவனுக்கே இப்போது நினைவிருக்காது. முத்திரைக்காரர் நோட்டைப் பார்த்தார். ஒன்பது கோடுகள் இருந்தன. தன் ஆயுளில் முதல் முறையாக, தான் எண்ணியதைத் தானே சந்தேகித்தார். எட்டாக இருந்துவிட்டால்? பிள்ளைக்கு ஒரு சுற்றைக் களவாடிக் கொடுத்த தகப்பன் என்று பெயர் வருவதைவிட, பிள்ளை ஒரு சுற்று கூடுதலாக ஓடட்டும் என்று தோன்றியது. கட்டைவிரலால் ஒரு கோட்டை அழித்தார். மணியை மீண்டும் முழங்காலில் வைத்தார். மகன் அவர் முகத்தைப் பார்த்தபடியே கோட்டைக் கடந்து போனான்.

அரைச் சுற்று கழித்து, பக்கத்து நாற்காலியில் இரண்டாவது பையனுக்கு மணி அடித்தது. பின்னால் வருகிறவனுக்கு முதலில் மணி விழுந்துவிட்டதை மைதானமே கேட்டது. மகன் தன் பத்தாவது சுற்றை முடித்து வந்தபோது மணியின் நாக்கு முத்திரைக்காரரின் மூடிய கைக்குள் இருந்தது. இப்போது அடித்தால் எண்ணுவதில் அவர் பிசகியதும், அந்தப் பிசகைச் சொந்தப் பிள்ளை தலையில் வைத்ததும் ஒன்றாக வெளியே வரும். "மணிப்பா?" என்று கேட்டான் மகன். "ஓடு" என்றார். அடுத்த முறை அவன் வந்தபோது இரண்டாவது பையன் ஓடி முடித்து, தோளில் தூக்கப்பட்டிருந்தான். அதற்கடுத்த முறை மற்ற மூன்று பேரும் முடித்துவிட்டார்கள். இனி அடித்தால் மகன் கடைசி. அந்தக் குடும்பத்தில் கடைசியாக வந்தவர் யாரும் கிடையாது. "என்ன ஆச்சு?" என்று பாதிரியார் வந்து கேட்டபோது, "இன்னும் முடியல ஃபாதர்" என்றார் முத்திரைக்காரர். அவர் சொல்லை யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை. பதிவேட்டில் மகன் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று எழுதினார்கள். களைத்தால் பையன் தானே நின்றுவிடுவான் என்று நினைத்து, மணியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். பையன் நிற்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் மெல்ல மெல்லப் பழகிப்போனது. முதல் வாரம் முழுக்க ஊர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் பட்டாணி விற்பவன் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனான். தாய் தினமும் கிழக்கு வளைவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அவன் கடக்கும்போது தண்ணீர் டம்ளரை நீட்டுவாள். அடுத்த சுற்றில் காலி டம்ளர் அவள் கைக்குத் திரும்பும். கையில் பிடித்துத் தின்னக்கூடியது எதுவோ அதுதான் அவன் சாப்பாடு. பிற்பகலில் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஓடுவான், அதுதான் தூக்கம். செருப்புத் தைப்பவர் ஒரு சுற்றில் இடது காலுக்கும் மறு சுற்றில் வலது காலுக்குமாகக் காலணி மாற்றிவிடுவார். முடிவெட்டுபவர் கத்தரியோடு கூடவே ஓடிப் பார்த்தார். ஒரு மாதத்தில் தொப்பை கரைந்து, "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு தாயி" என்று கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டார். பிறகு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து வெட்டினார். ஒரு முறை ஆயர் வந்து வளைவில் நின்று புனித நீர் தெளித்து, விசாரித்து, இதை அற்புதம் என்று சொல்லவும் இல்லை, இல்லையென்று சொல்லவும் இல்லை, ஒழுக்கத்துக்கு ஊறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவனோடு பேசுவதென்றால் சுற்றுக்கு ஒரு வாக்கியம். தங்கையின் கல்யாணம் நிச்சயமானதைத் தாய் பதினோரு சுற்றுகளில் சொல்லி முடித்தாள். பன்னிரண்டாவதில், "மாப்பிள்ள எப்படிம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனான். பதின்மூன்றாவதில், "நல்ல மாதிரிதான்டா, குறட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தியாம்" என்றாள். பதினான்காவதில் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். தகப்பனார் கோட்டருகே நிற்கும்போது மட்டும் ஒரே கேள்விதான் கேட்பான்: "இன்னும் எத்தனைப்பா?" முத்திரைக்காரர் பதில் சொன்னதில்லை. ஏழாவது ஆண்டில் ஒருநாள் அவன் கேட்பதை நிறுத்தினான். அவர் அந்த நாளைக் குறித்துவைத்திருந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் எண்ணும் பணியை விடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வேறு வேறு பிள்ளைகளுக்கு வேறு ஒரு மணியோடு உட்கார்ந்து, ஒரு கோடு கூடாமல் குறையாமல் எண்ணினார். அவர் மணி அடித்து ஓடி முடித்த பிள்ளைகள் முந்நூற்றுக்கு மேல். அவர்கள் முடித்துத் தரையில் விழுந்து மூச்சு வாங்கும்போது மகன் வெளித்தடத்தில் அவர்களைத் தாண்டிப் போவான்.

ஓட்டத்தின் இருபத்திரண்டாம் ஆண்டில் தாய் இறந்தாள். தங்கைதான் வளைவில் நின்று சொன்னாள், "அம்மா போயிட்டாங்க அண்ணா." அடுத்த சுற்றில் அவன் தலையை மட்டும் ஆட்டினான். கல்லறைக்குப் போகும் வழியில் சவப்பெட்டியை மைதானத்துக்குள் கொண்டுவந்து, அவனோடு ஒரு சுற்று சுமந்து நடந்தார்கள். தூக்கியவர்கள் நடந்து முடிப்பதற்குள் அவன் தாயை மூன்று முறை தாண்டிப் போனான். ஒவ்வொரு முறையும் பெட்டியை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் கிழக்கு வளைவு வந்தால் அவன் கை தானாக நீளும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நீட்டிய கை ஏழெட்டு அடி தூரம் வெறுமனே வந்துவிட்டுத் தாழும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சாவிக்கொத்தைத் தேடி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தார் முத்திரைக்காரர். தான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய எடைக்கற்களுக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்த கைமணி ஒரு கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அவர் சுற்றி வைக்கவில்லை. அது மனைவியின் கைக்குட்டை. ஓரத்தில் வரிசையாக முடிச்சுகள். எண்ணினார். பத்து. பந்தயத்தன்று அவள் வளைவில் உட்கார்ந்து மகன் கடக்கும்போதெல்லாம் ஒரு முடிச்சு போட்டிருக்கிறாள். பத்தோடு நிறுத்தியிருக்கிறாள். மணியையும் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரு நாள்கூட அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. கணவன் தலை குனிவதைப் பார்ப்பதைவிட மகன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள் போலும். அல்லது அவராகச் செய்வார் என்று காத்திருந்தாள். எது என்று கேட்க ஆள் இல்லை. முடிச்சுகளை அவிழ்க்கப் பார்த்தார். துணி கல்லாய் இறுகிப் போயிருந்தது.

பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டில், பழைய விளையாட்டு வீரர்களையும் தன்னார்வலர்களையும் பாராட்ட ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவர் ஒரு பல் மருத்துவர். அன்று இரண்டாவதாக ஓடி முதல் பரிசு வாங்கிய பையன்தான் அவர். தலை நரைத்த அந்தப் பல் மருத்துவர் முத்திரைக்காரரின் வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அங்கிள், நாப்பத்தாறு வருஷமா எண்ணியிருக்கீங்க. பித்தளைப் பட்டயம் ரெடி. உங்க கையால மணி அடிச்சுத்தான் விழாவே ஆரம்பிக்கணும்." பட்டயத்தில் பொறிக்கப்போகும் வரியையும் வாசித்துக் காட்டினார்: 'ஒரு சுற்றும் பிசகாமல் எண்ணியவர்.' எழுபத்தொன்பது வயதிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த முத்திரைக்காரர், "அவனுக்கு?" என்று கேட்டார். பல் மருத்துவர் கைகளைப் பிசைந்தார். "அவன் இன்னும் ஓடிட்டுதான இருக்கான் அங்கிள். பழைய வீரர்னு எப்படிப் போடுறதுன்னு குழுவுல கேக்குறாங்க. பதிவேட்டுலயும் முடிக்கலன்னுதான் இருக்கு." அதே பந்தயத்துக்குத் தனக்கு ஒரு பட்டயம் இருப்பதை அவர் சொல்லவில்லை. அழைப்பிதழில் அச்சாகியிருந்தது.

அவர் போன பிறகு, செவிலியர் வேலை பார்க்கும் மகள் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் அந்தக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தது. "அந்தப் பட்டயத்த வாங்கிட்டு வந்து எங்கப்பா மாட்டுவீங்க? அம்மா படத்துக்குப் பக்கத்துலயா?" அவர் பார்வை பொட்டலத்தில் இருந்தது. "அண்ணன் முழங்கால்ல எலும்பும் எலும்பும் உரசுது. பக்கத்துல போனா சத்தம் கேக்குது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், தினம் வார்டுல கேக்குறேன். முன்னாடி ஒரு சுத்து ஒன்றரை நிமிஷம். இப்ப நாலு நிமிஷம் ஆகுது. நீங்களும் போயிட்டா யாருப்பா அடிப்பாங்க?" "எண்ணினவன்தான் அடிக்கணும்" என்றார் அவர். "அதத்தான் நானும் சொல்றேன்" என்று பொட்டலத்தை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டுகள் அன்று வழக்கத்தைவிட அதிகச் சத்தத்தோடு கழுவப்பட்டன.

விழாவன்று மைதானத்தில் எழுநூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையை ஏழாவது தடத்துக்கு இடம் விட்டு அமைத்திருந்தார்கள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை மகன் மேடையைக் கடக்கும்போது பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தி, அவன் போன பிறகு தொடர்ந்தார்கள். இப்போது தலைமையாசிரியராக இருக்கும் கன்னியாஸ்திரி, முத்திரைக்காரரின் பெயரைச் சொல்லி, பட்டயத்தின் வரியைப் படித்து, வெல்வெட் தட்டில் ஒரு புது மணியை நீட்டினார். அவர் அதை எடுக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மேடைப் படிகளில் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, முடிவுக்கோட்டின் ஓரத்தில் போய் நின்றார். மகன் வந்தான். மணி அடித்தது. இருபத்தெட்டு ஆண்டு அடைபட்டுக் கிடந்த மணி என்றாலும் சத்தம் நன்றாகவே இருந்தது. மக்கள் கைதட்டினார்கள். மகன் தலையைத் திருப்பாமல் கடந்து போனான். நாலு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது, மற்றவர்களுக்காக வழிவிடுகிறவனைப் போல ஓரமாக ஒதுங்கி ஓடி வந்து கேட்டான்: "யாருக்குப்பா மணி?"

கைதட்டல் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி அவர் அருகில் இல்லை. இருந்தும் அவர் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டதாகப் பலர் சொல்கிறார்கள். "உனக்குடா. அன்னைக்கே அடிக்க வேண்டியது. ஒன்பது கோடு போட்டேன், ஒண்ண நானே அழிச்சேன். நீதான் முதல்." இவ்வளவையும் ஒரே மூச்சில், மகன் காதுக்கு எட்டும் தூரத்திலிருந்து விலகுவதற்குள் சொல்லி முடித்தார். பிறகு மீண்டும் ஒரு முறை மணியை அடித்தார். அந்தக் குடும்பத்தில் எவரும் சபையில் தலை குனிந்ததில்லை. முத்திரைக்காரர் அன்று குனிந்தார்.

மகன் அந்தச் சுற்றை ஓடிய விதத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். முதல் வளைவிலேயே அவன் தோள் நிமிர்ந்தது. எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் முழங்கால்கள் இடுப்பளவு உயர்ந்தன. பதினேழு வயதில் எப்படி ஓடினானோ அப்படியே வந்தான். கிழக்கு வளைவில் அவன் கை நீளவில்லை. எழுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். மகள் வெறும் தரையில் மண்டியிட்டாள். அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, மார்பை முன்னால் தள்ளி, கோட்டைத் தொட்டான். தொட்டு, தாண்டினான். நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டும் வைத்தான். கைகள் மெல்லக் கீழே இறங்கின. அதே வேகத்தில் வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். பல் மருத்துவர், அன்றைய பந்தயத்தில் வாங்கி விழாவுக்காக அணிந்துவந்திருந்த தன் மெடலைக் கழற்றிக்கொண்டு அவன் கழுத்தில் போட மேடையிலிருந்து குதித்துத் துரத்தினார். அரைச் சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பிடிக்க முடியல" என்றார் மூச்சு வாங்க. "அன்னைக்கும் முடியல." மெடல் வேலிக் கம்பத்தில் மாட்டப்பட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சுற்றை முடித்துக்கொண்டு மகன் தகப்பனாரைக் கடந்தான். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ பொருளை உடைத்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையின் முகமாக இருந்தது. "நிக்கத் தெரியலப்பா" என்றான். அடுத்த சுற்றில், "இன்னொரு தடவ அடிங்க" என்றான். அவர் அடித்தார். அடுத்த சுற்றிலும் அடித்தார். இரண்டு பேர் அவனைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். கால்கள் அந்தரத்தில் ஓடின, அவன் வலியில் அலறினான், இறக்கிவிட்டார்கள். மாலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு போனார்கள். பட்டயத்தை முத்திரைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கன்னியாஸ்திரி பதிவேட்டை எடுத்து, 'முடிக்கவில்லை' என்பதை அடித்துவிட்டு 'முதல்' என்று எழுதினார். நேரம் என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் வெறுமனே விட்டார். மண்டபச் சுவரின் பித்தளை வரிசையில் மகனுக்கும் ஒரு இடம் கிடைத்தது. அவன் அதைப் பார்த்ததில்லை. அந்த மண்டபம் ஏழாவது தடத்தில் இல்லை.

அதன் பிறகு முத்திரைக்காரர் இரண்டு ஆண்டுகள் இருந்தார். தினமும் கோட்டோரம் அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மகன் வரும்போதெல்லாம் அடித்தார். இன்றாவது நிற்பான் என்று முதலில் சில மாதங்கள் பக்கத்தில் ஒரு போர்வையும் தண்ணீர் ஜாடியும் வைத்திருந்தார். பிறகு போர்வையை வீட்டுக்குக் கொண்டுபோனார். இறந்த அன்று நாற்காலியிலேயே இருந்தார். அவர் கையிலிருந்த மணியை மகள் எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்றுக்கு அடித்துவிட்டுத்தான் அழுதாள். இப்போது காலையில் அவளும், அவள் வேலைக்குப் போன பிறகு முறை வைத்துக்கொண்டு பழைய மாணவர்களும் அடிக்கிறார்கள். பல் மருத்துவருக்கு வியாழக்கிழமை. அது இப்போது பள்ளியின் தன்னார்வப் பணிகளில் ஒன்று. ஆண்டறிக்கையில் நூலகப் பராமரிப்புக்கும் கழிவறைத் தூய்மைக்கும் நடுவில் வருகிறது. மகனுக்கு ஒரு சுற்று ஆறு நிமிடம் ஆகிறது. அந்தத் தெருவில் வீடு வாடகைக்குப் பார்க்க வருபவர்கள், ஜன்னலைத் திறந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, அது என்ன மணி என்று கேட்பார்கள். "கடைசிச் சுத்துக்கு அடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டப் போய்விடுவார்.